பின்பக்கத்தைப் பாருங்கள்: பழைய அமெரிக்கக் கார்கள் கேள்வி பதில்

ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை, டெட்ராய்ட்டை ஒட்டிய வுட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் திரளும். 1995இல் தொடங்கிய வழக்கம் இது. இந்த ஆண்டு அதைப் பார்த்தவர்களும், மற்ற ஊர்களில் சாலையோரம் எதையோ பார்த்துத் திகைத்தவர்களும் கேள்விகளைக் குவித்திருக்கிறீர்கள். தொடங்கும் முன் இரண்டு வேண்டுகோள். வண்டி ஓட்டிக்கொண்டே படம் எடுக்காதீர்கள். அடுத்தது, முகப்பை மட்டும் படம் பிடித்து அனுப்பாதீர்கள். எனக்கு வேண்டியது பின்பக்கம்.

ஐயா, எல்லாம் ஒரே மாதிரி நீளமாகத்தான் தெரிகின்றன. பார்த்த மாத்திரத்தில் எந்த ஆண்டு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? (ஃபார்மிங்டன் ஹில்ஸ்)

இந்தக் கலையைச் சொல்லிக்கொடுத்ததே கார் கம்பெனிகள்தான். போன வருடத்து வண்டி பழசாகத் தெரிய வேண்டும், அப்போதுதான் புதிது விற்கும் என்பது ஜெனரல் மோட்டார்ஸில் ஆல்ஃபிரட் ஸ்லோன் காலத்திலேயே வேரூன்றிய கணக்கு. அதனால் உள்ளே இருக்கும் இரும்பு அதுவேயானாலும் வெளித் தகட்டையும் விளக்கையும் ஆண்டுதோறும் மாற்றினார்கள்.

அதே ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே பெல் ஏரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1955, 1956, 1957 மூன்றுக்கும் அடிப்படை உடல் ஒன்றுதான். பெட்ரோல் எங்கே ஊற்றுவது என்று பாருங்கள். 1955இல் இடதுபக்கத் தகட்டில் ஒரு சிறு கதவு வெளிப்படையாகத் தெரியும். 1956இல் அது காணாமல் போகும். இடது பின்விளக்கே மூடிபோலத் திறக்கும், வாய் அதற்குள் இருக்கும். 1957இல் இடது வால்துடுப்பின் பின் ஓரத்தில் ஓடும் குரோமியப் பட்டைக்குள் ஒளித்துவைத்தார்கள். 1959இல் துடுப்பு படுத்துக்கொண்டு வௌவால் சிறகாகிவிட்டது, அதன் கீழே பூனைக்கண் விளக்கு. மறு ஆண்டே வட்ட விளக்குகள் திரும்பி வந்தன.

கம்பெனியே தெரியாவிட்டாலும் சட்டம் கைகொடுக்கும். 1940 முதல் எல்லா அமெரிக்கக் கார்களுக்கும் ஏழு அங்குல வட்ட முகப்பு விளக்கு இரண்டுதான். நான்கு விளக்குகள் பரவலாக வந்தது 1958 மாடல்களில். பம்பருக்குப் பக்கத்தில், மட்கார்டின் ஓரத்தில் சிறிய விளக்கோ பிரதிபலிப்பானோ இருந்தால் 1968 அல்லது அதற்குப் பின். முன் பம்பர் தண்டவாளம்போலத் துருத்திக்கொண்டிருந்தால் 1973 முதல். மணிக்கு ஐந்து மைல் வேகத்தில் இடித்தாலும் விளக்கு முதலியவை சேதமடையக்கூடாது என்ற விதி அந்த ஆண்டு முன்பக்கத்துக்கும் 1974இல் பின்பக்கத்துக்கும் வந்தது. சதுர முகப்பு விளக்கு 1975 முதல். பின்கண்ணாடியில் மூன்றாவது பிரேக் விளக்கு என்றால் 1986 முதல். இவ்வளவு தெரிந்தாலே பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

சிவப்பு ஃபோர்டு மஸ்டாங் ஒன்றைப் பார்த்தேன். 1965ஆ, 1966ஆ? (நியூஜெர்சி)

இரண்டையும் பிரிப்பது கிரில்தான், அதாவது முகப்பில் காற்று புகும் வலைத்தட்டி. என் பின்பக்கச் சட்டத்துக்கு இது விதிவிலக்கு. 1965இல் தேன்கூட்டு வலை. நடுவில் இருக்கும் குதிரைச் சின்னத்தைச் சுற்றிய சட்டத்திலிருந்து இருபுறமும் குறுக்குப் பட்டை ஓடும். 1966இல் மெல்லிய கிடைக் கம்பிகள். ஜிடி வகையைத் தவிர மற்றவற்றில் அந்தக் குறுக்குப் பட்டை இல்லை, குதிரை தனியாக மிதக்கும். கண்ணாடி வழியே எட்டிப் பார்க்க முடிந்தால் இன்னும் எளிது. சாதாரண 1965 வண்டியில் வேகமானி ஒரு நீளப் பட்டை. 1966இல் எல்லா வண்டிகளிலும் ஐந்து வட்டங்கள். எட்டிப் பாருங்கள், கதவில் கை ஊன்றாதீர்கள். அந்தப் பாலிஷுக்குப் பின்னால் ஒருவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன.

பக்கவாட்டில் மரம் பதித்த பெரிய வண்டி ஒன்று நெடுஞ்சாலையில் போனது. மழையில் ஊறாதா? (சிகாகோ)

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் வினைல் ஒட்டுப்படம். மரத்துக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது. நிஜமான மரச்சட்டம் போட்ட வண்டிகள் ஊறத்தான் செய்தன, ஆண்டுதோறும் வார்னிஷ் அடிக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் பெரிய அளவில் தயாரான மரவண்டிகளில் கடைசி 1953 பியூக் ரோட்மாஸ்டர்.

எங்கள் தாத்தாவிடம் பிளஷர் இருந்தது, டாட்ஜ் கிங்ஸ்வே. அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர் அப்படி ஒரு மாடலே கிடையாது என்று சாதிக்கிறார். (காரைக்குடி)

உங்கள் தாத்தா சொன்னதுதான் சரி, மைத்துனரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். கிங்ஸ்வே என்பது கனடாவுக்கும் வெளிநாடுகளுக்கும் கிரைஸ்லர் வைத்த பெயர். தோலை உரித்தால் உள்ளே அதே கம்பெனியின் பிளைமவுத். அதே பிளைமவுத்துக்கு இன்னொரு கிரில் மாட்டி டிசோட்டோ டிப்ளமேட் என்றும் விற்றார்கள். வால்சந்த் ஹிராசந்த் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், 1947 முதல் பம்பாய் குர்லாவில் கிரைஸ்லர் வண்டிகளை உதிரிகளாக வரவழைத்துப் பூட்டியது. செட்டிநாட்டு வீடுகளின் பட்டாலையில் மாட்டியிருக்கும் பழைய படங்களில் வாசலில் நிற்கும் அமெரிக்க வண்டி எது என்று பார்க்க விரும்பினால், ஸ்டீயரிங் வலதுபக்கம் இருப்பதையும் சேர்த்துக் கவனியுங்கள். அமெரிக்காவில் அச்சான பட்டியல்களில் இந்த வண்டிகளைத் தேடி ஏமாறாதீர்கள். ஏற்றுமதிப் பட்டியல் வேறு. படம் இருந்தால் அனுப்புங்கள், மைத்துனருக்கும் ஒரு பிரதி.

இதையொட்டி நான்கு பேர் அம்பாசிடரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, ஆங்கிலேய வண்டி. என் கடையில் கிடைக்காது.

அந்தக் கிங்ஸ்வேக்கு இன்று என்ன விலை போகும்? (டாலஸ்)

விலை சொல்வதில்லை.

நீல மஸ்டாங். 1965ஆ, 1966ஆ? (ஹூஸ்டன்)

நிறம் மாறினாலும் கிரில் மாறாது. மேலே பார்க்கவும்.

சார், 1990களில் மாணவனாக வந்தபோது நான் வாங்கிய முதல் கார் ஓல்ட்ஸ்மொபில் கட்லஸ் சியேரா. போன வாரம் ஒன்றைச் சாலையில் பார்த்து மனம் கனத்துவிட்டது. இதெல்லாம் உங்கள் கணக்கில் பழைய கார் ஆகுமா? (ராலே)

ஆகுமா என்று கேட்கிறீர்களே! மஸ்டாங்கைப் பார்ப்பது பெரிய காரியமே இல்லை. அதை வாங்கியவன் வாங்கிய நாள் முதல் பொத்திப் பொத்தி வைத்தான். 1976இல் அமெரிக்காவிலேயே அதிகம் விற்ற கார் கட்லஸ். இன்று தேடினால் எத்தனை கண்ணில் படுகின்றன? நம்மில் ஒரு தலைமுறையே அந்த வண்டிகளில்தான் அமெரிக்காவைக் கற்றுக்கொண்டது. சியேரா, பியூக் செஞ்சுரி, செவர்லே சிலெப்ரிட்டி எல்லாம் ஒரே அச்சில் வார்த்த அண்ணன் தம்பிகள். அரக்கு நிற வெல்வெட் இருக்கை, முன்னாலும் மூன்று பேர் உட்காரலாம், கியர் ஸ்டீயரிங் தண்டிலேயே இருக்கும். கூரைத் துணியின் பசை வெயிலில் விட்டுப்போய்த் தலையில் தொங்கும். வரிசையாகக் குண்டூசி குத்தி அதைத் தாங்கவைப்போம். குண்டூசி தீர்ந்தால் பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையிலிருந்து நாலைந்து காணாமல் போகும். கைமாற்றும்போது அரிசிக் குக்கரோடு சேர்த்து அடுத்த ஆண்டு வரும் பையனுக்கு விற்றுவிட்டுப் போவோம்.

சியேரா 1996இல் நின்றது, ஓல்ட்ஸ்மொபில் என்ற பெயரே 2004இல் போய்விட்டது. அடுத்த முறை பார்த்தால் பின்கண்ணாடி வழியே கூரையைக் கவனியுங்கள். குண்டூசி இருந்தால் அது சொந்த ஆயுளை வாழ்ந்த வண்டி.

காபிக் கடை வாசலில் ஒரு சின்ன செவர்லே. முன்னால் கிரில்லே இல்லை, பின்மூடியில் காற்றுத் துளைகள். என்ன அது? (சான்ஹோசே)

கார்வேர். 1960 மாடலாக வந்து 1969 மே மாதத்தோடு நின்றது. எஞ்சின் பின்னால், ஆறு சிலிண்டர், அலுமினியம், காற்றாலேயே குளிர்வது. ரேடியேட்டர் இல்லாததால் முகத்தில் கிரில்லும் தேவைப்படவில்லை. 1965 முதல் வந்த உடல், அந்தப் பத்தாண்டின் மிக அழகிய அமெரிக்க உடல் என்பேன்.

ஆளைக் கொன்ற காரை அழகு என்கிறீர்களே ஐயா? நுகர்வோருக்காகப் போராடிய வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் 1965இல் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே இதைப் பற்றித்தானே? (பாஸ்டன்)

நான் சொன்னது 1965 முதல் வந்த உடலை. நேடர் எழுதியது 1960 முதல் 1963 வரையிலான வண்டிகளை. அவற்றில் பின்சக்கரங்கள் ஊசல்போல ஆடும் அச்சில் தொங்கின. வளைவில் வேகமாகத் திருப்பினால் வெளிப்பக்கச் சக்கரம் உள்வாங்கி மடங்கும், பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். முன்பக்கம் ஒரு நிலைநிறுத்தும் கம்பி போட்டிருந்தால் பெருமளவு அடங்கியிருக்கும். காசை மிச்சம் பிடிக்க அதை விட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக முன் டயருக்கு 15 பவுண்டு, பின் டயருக்கு 26 பவுண்டு காற்று வையுங்கள் என்றார்கள். பெட்ரோல் பங்க்கில் நான்கு டயருக்கும் ஒரே அளவு அடிப்பதுதான் வழக்கம் என்பது அவர்களுக்குத் தெரியாதா?

அண்ணா, நேடர் ஒரு விளம்பரப் பிரியர். 1972இல் அரசாங்கமே சோதித்துப் பார்த்து, அதே காலத்து மற்ற கார்களைவிட இது மோசமில்லை என்று சொல்லிவிட்டது. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலிலும் ஊசல் அச்சுதான். (சான்டியாகோ)

அறிக்கை சொன்னது உண்மை. ஆனால் ஊரில் எல்லோர் வீட்டுக் கூரையும் ஒழுகுகிறது என்பதால் என் கூரை ஒழுகவில்லை என்று ஆகிவிடுமா? 1964இல் கம்பெனியே முன்கம்பியைச் சேர்த்தது, பின்னால் குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங்கும் போட்டது. மறு ஆண்டு அச்சையே புதிதாக அமைத்தது. கோளாறு இல்லாத இடத்தில் யாரும் இவ்வளவு செலவு செய்வதில்லை.

அப்படியானால் நேடரின் புத்தகம்தான் காரை ஒழித்தது என்று ஒப்புக்கொள்கிறீர்களா? (மறுபடியும் பாஸ்டன்)

இல்லை. மஸ்டாங் 1964 ஏப்ரலில் வந்து வாடிக்கையாளரை அள்ளிக்கொண்டு போனதும் ஒரு காரணம். புத்தகத்தைவிடப் பெரிய விளைவை உண்டாக்கியது கம்பெனியின் புத்திசாலித்தனம். நேடரின் பின்னால் துப்பறிவாளர்களை அனுப்பினார்கள், அது வெளியே வந்தது. 1966 மார்ச்சில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் குழுவின் முன் அமர்ந்து மன்னிப்புக் கேட்டார். செப்டம்பரில் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டார். முதல் பதிலில் 1968 என்று சொன்னேனே, மட்கார்டு ஓரத்துச் சிறு விளக்கு, அது இந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் ஒன்று. கார்வேரைப் பிடிக்காதவர்களும் பழைய காருக்கு வயது பார்க்கும்போது கார்வேர் சர்ச்சையின் தயவில்தான் பார்க்கிறார்கள்.

இதற்குப் பிறகும் பாஸ்டனிலிருந்து மூன்று கடிதங்கள், சான்டியாகோவிலிருந்து இரண்டு. நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளலாம்.

என்னிடம் 1962 கார்வேர் இருக்கிறது. இனி ஓட்டலாமா? (ஆஸ்டின்)

காற்றழுத்தத்தைப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள். வளைவில் வீரம் வேண்டாம்.

மைலேஜ்? (கோவை)

பெரிய எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் என்றால் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் வந்தால் கும்பிட்டுக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்தில் மிச்சிகனில் ஒரு பழைய கார்கூடக் கண்ணில் படுவதில்லையே? (ஆன் ஆர்பர்)

உப்பு. பனிக்குச் சாலையில் கொட்டும் உப்பு கதவுக்கடியிலும் சக்கர வளைவிலும் ஏறித் தகட்டைத் தின்றுவிடும். டெட்ராய்ட்டின் அடியிலேயே, ஆயிரம் அடிக்கும் கீழே, உப்புச் சுரங்கம் இருக்கிறது. கார் செய்த ஊர் காரை அரிக்கும் பொருளையும் தானே தோண்டி எடுக்கிறது. இலையுதிர்காலத்தில் கொட்டகைக்குள் போகும் வண்டி, வசந்தகால மழை உப்பைக் கழுவிய பிறகுதான் வெளியே வரும். வாங்க நினைப்பவர்கள் ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி அந்த இடங்களில் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அது இரும்பில்லை, பட்டி.

1969 செவர்லே கமாரோவின் வேக வகையான எஸ்எஸ் ஒன்று விலைக்கு வருகிறது. வண்டி முழுக்க எஸ்எஸ் தகடு பளபளக்கிறது. நம்பலாமா? (அட்லாண்டா)

தகடு கடையில் கிடைக்கும். அந்த ஆண்டு கமாரோவில் கம்பெனி பொறித்த அடையாள எண்ணைப் படித்தால் ஆறு சிலிண்டரா எட்டா என்பதுதான் தெரியும், எஸ்எஸ் என்று தெரியாது. முதல் விற்பனையின் காகிதங்கள் இல்லாமல் எஸ்எஸ் விலையைக் கொடுக்காதீர்கள். தகட்டை நம்பாதீர்கள் என்று நான் எப்போதும் கத்துவது இதற்காகத்தான்.

வெள்ளை மஸ்டாங்... (ஃபீனிக்ஸ்)

மேலே பார்க்கவும்.

ஐயா, மாமனாரின் 1964 பிளைமவுத் வேலியன்ட் பஞ்சர் ஆகி வீட்டு வாசலிலேயே நிற்கிறது. வலதுபக்கச் சக்கர நட்டுகள் கழன்றன. இடதுபக்கத்தில் ஸ்பானர்மேல் ஏறி நின்றும் அசையவில்லை. (கிளீவ்லாண்ட்)

முதலில் கீழே இறங்குங்கள் தம்பி. கிரைஸ்லர் வண்டிகளில் 1970 வரை இடதுபக்கச் சக்கரங்களுக்கு எதிர்த்திசை மரை. நீங்கள் கழற்றவில்லை, இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். கடிகாரம் சுற்றும் திசையில் திருப்புங்கள், கழன்றுவிடும். போல்ட்டின் முனையில் எல் என்ற எழுத்து இருக்கும், துருவைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஏற்கெனவே ஒன்று முறிந்திருந்தால் மாற்று வாங்கும்போது கடைக்காரரிடம் இடதுபக்கம் என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.