வாசகர் கேள்விகள்: வெட்டாத ஒன்பது புரதங்கள்

கேள்வி (உயர்தர மாணவி, உவர்மலை): சேர், மதுவக் (ஈஸ்ட்) கலத்தில் ஆர்.என்.ஏ.யைச் சிதைக்கும் எக்சோசோம் என்ற புரதக் கூட்டில் ஒன்பது புரதங்கள் எதையும் வெட்டுவதில்லை, பத்தாவதுதான் வெட்டுகிறது என்று வாசித்தேன். வேலை செய்யாத ஒன்பதைக் கலம் எதற்கு வைத்திருக்கிறது?

பதில்: வெட்டாதது எல்லாம் சும்மா இருக்கிறது என்று யார் சொன்னது, மகள்? உங்கள் பென்சில் கட்டரை எடுத்துப் பாருங்கள். வெட்டுவது அலகு மட்டும்தான். துளை இல்லாவிட்டால் பென்சிலோடு விரலும் சீவுப்பட்டுவிடும். அந்த ஒன்பதும்தான் துளை.

ஆறு புரதங்கள் வளையமாக நிற்கின்றன, மேலே மூன்று மூடியாக உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் ஒடுங்கிய குழாய். தனியிழையாக வரும் ஆர்.என்.ஏ.தான் உள்ளே நுழையும். மடிந்து கிடப்பது வாசலிலேயே நின்றுவிடும். அதை விரித்து உள்ளே தள்ள, கருவுக்குள் எம்.டி.ஆர்.4 என்ற புரதமும், வெளியே குழியவுருவில் ஸ்கி புரதங்களும் கலத்தின் சக்தி மூலக்கூறான ஏ.டீ.பி.யைச் செலவழிக்கின்றன. குழாயின் அடியில் அந்தப் பத்தாவது புரதமான ஆர்.ஆர்.பி.44 காத்திருந்து, ஆர்.என்.ஏ. இழையின் 3' எனப்படும் முனையிலிருந்து ஒவ்வொரு நியூக்கிளியோடைட்டாக, அதாவது ஒவ்வொரு கண்ணியாக, கழற்றும்.

1997இல் டேவிட் டோலர்வேயின் குழு இதை மதுவத்தில் கண்டறிந்தபோது வளையத்துப் புரதங்களும் வெட்டும் என்றுதான் எண்ணினார்கள். ஆர்க்கியாக்கள் என்ற கருவற்ற நுண்ணுயிர்களில் இதே வடிவ வளையம் உண்மையிலேயே வெட்டும். மதுவத்தின் வளையம் அந்தத் திறனை இழந்துவிட்டது, வடிவத்தை மட்டும் விடவில்லை.

ஏன் விடவில்லை? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். 2013இல் ஜெர்மனியில் எலேனா கொன்டியின் குழு, ஆர்.என்.ஏ. உள்ளே நுழைந்திருந்த நிலையிலேயே இதன் படிக அமைப்பைக் கண்டது. வாசலிலிருந்து அலகு வரை ஏறத்தாழ 30 நியூக்கிளியோடைட் நீளம். இப்போது கலத்தில் புரதங்களைக் கட்டும் ரைபோசோமுக்கு வாருங்கள். அதிலுள்ள 5.8எஸ் ஆர்.என்.ஏ. முதலில் நீண்ட வாலோடுதான் உருவாகும். எக்சோசோம் அந்த வாலைத் தின்றுகொண்டே போய், வாசல் ரைபோசோமின் உடலில் முட்டியதும் நின்றுவிடும். மிச்சம் எவ்வளவு? அதே 30. பிறகு ஆர்.ஆர்.பி.6 என்ற இன்னொரு நொதியம் வந்து மேலும் குறைக்கும், கடைசித் துண்டை வேறு நொதியங்கள் எடுக்கும். ஆர்.ஆர்.பி.6 இல்லாத மதுவத்தில், 30 மிகையாக உள்ள 5.8எஸ் ஆர்.என்.ஏ. குவிந்து கிடக்கும். பழுதானதை முழுதாக விழுங்குவதும், நல்லதன் முனையைச் சீர்செய்து விடுவதும் ஒரே பொறிதான். எங்கே நிற்பது என்பதைக் குழாயின் நீளம் தீர்மானிக்கிறது.

எது பழுதானது என்று எப்படித் தெரியும் என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். கருவுக்குள் பழுதான ஆர்.என்.ஏ.யின் முனையில் டிராம்ப் என்ற புரதக் கூட்டு அடினின்களாலான ஒரு குட்டி வாலை ஒட்டும். எக்சோசோமுக்குப் பிடி அதுதான். பரீட்சையில் 'அடினின் வால் தூது ஆர்.என்.ஏ.யைப் பாதுகாக்கும்' என்று எழுதினால் புள்ளி கிடைக்கும், அப்படியே எழுதுங்கள். கருவுக்குள் இப்படி ஒரு மறுபக்கமும் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

கேள்வி (பேக்கரி உரிமையாளர், கின்னியா): நாங்கள் பாணுக்குப் போடும் ஈஸ்ட்டும் இதுவும் ஒன்றா? சித்திரை வெயிலில் மா சீக்கிரம் பொங்குவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: ஒன்றுதான் நானா, சக்கரோமைசிஸ் செரவிசியே. மா சீக்கிரம் பொங்குவது வெக்கையில் நொதியங்கள் வேகமாக வேலை செய்வதால். அந்தப் பெருமையை எக்சோசோமுக்குக் கொடுக்க முடியாது. ஆனால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் சீனியோடு ஈஸ்ட்டைக் கரைத்து வைக்கிறீர்களே, நுரை கட்டும் அந்த நேரத்தில் கலம் பழைய தூது ஆர்.என்.ஏ.க்களைக் கழித்துப் புதியவற்றுக்கு மாறிக்கொண்டிருக்கும். அந்தக் கழிப்பில் பெரும்பங்கு எக்ஸ்.ஆர்.என்.1 என்ற இன்னொரு நொதியத்தினுடையது. அது எதிர் முனையிலிருந்து, 5' பக்கத்திலிருந்து தின்னும்.

கேள்வி (வாசகர், தம்பலகாமம்): மனிதரிடமும் இது உண்டா?

பதில்: உண்டு. வெட்டாத மூடிப் புரதம் ஒன்று பழுதானால் என்ன நடக்கும் என்பதும் மனிதரில்தான் தெளிவாகத் தெரிந்தது. மதுவத்தின் ஆர்.ஆர்.பி.40 என்ற மூடிப் புரதத்துக்கு இணையான மனித மரபணுவில் விகாரம் ஏற்பட்டால், சிறுமூளையும் முண்ணாணின் இயக்க நரம்புக் கலங்களும் குன்றும் பிறவி நோய் வரும் என்று 2012இல் கண்டறிந்தார்கள். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும்.