சைபர் பதினான்கு

கேள்வி: போட்ஸ்வானாவும் ஜிம்பாப்வேயும் அடுத்தடுத்த நாடுகள். பிழைப்பில் மட்டும் ஏன் இத்தனை வித்தியாசம்? – வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: 2008-இல் போட்ஸ்வானாவின் பிரான்சிஸ்டவுனில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். ஜிம்பாப்வேக்காரர்கள் எல்லை தாண்டி வந்து மாவு, எண்ணெய், சோப்பு என்று மூட்டை கட்டிப் போவார்கள். இத்தனைக்கும் மண்வளத்தில் அவர்கள் ஊர்தான் நம் தாமிரபரணிக் கரை. போட்ஸ்வானா பெரும்பாலும் கலகாரிப் பாலைவனம். நம்ம தேரிக்காடு மாதிரி. 1966-இல் விடுதலை, மறுவருடம் ஒராபாவில் வைரம். அந்தக் காசு ரோடாகவும் பள்ளிக்கூடமாகவும் மாறியது. சரி, எய்ட்ஸ் அவர்களையும் போட்டு வாட்டியது. பணத்தின் பெயர் புலா. மழை என்று அர்த்தம். அந்தப் பக்கமோ விலைவாசி எகிறி, 2009-இல் 100 லட்சம் கோடி ஜிம்பாப்வே டாலர் நோட்டு! ஒன்று என் மேசையில் கிடக்கிறது. பேரன் அதில்தான் சைபர் எண்ணிப் பழகுகிறான்.