அப்பாவின் 038 செயின்சாவுக்கு 381 சாமான் போடலாமா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் பால்மரத் தோட்டம் இருக்கிறது. அப்பா வைத்திருந்த ஸ்டில் 038 மேக்னம் செயின்சா நாலைந்து வருடமாகக் கொட்டகையில் கிடந்தது. போன வாரம் பெட்ரோல் ஊற்றி இழுத்தேன், ஓடியது. இரண்டு கிழட்டு மரங்களைச் சாய்த்தேன். மூன்றாவது மரத்தைப் பாதி அறுத்திருப்பேன், மெஷினின் சத்தம் திடீரென்று கீச்சென்று ஏறி அப்படியே நின்றுவிட்டது. இப்போது கயிறு காற்றில் இழுப்பது போல லேசாக வருகிறது. டவுனில் ஒரு கடையில், "இந்த மாடலுக்கு இப்போது சாமான் வருவதில்லை, புதுசு வாங்கு" என்கிறார்கள். இன்னொருவர் அதே கம்பெனியின் 381 மாடலுடைய சிலிண்டர், பிஸ்டன் செட்டைப் போட்டுத் தருகிறேன், 450 வெள்ளி (ரிங்கிட்) கொடு என்கிறார். அவர் மெஷினைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நம்பலாமா?

பதில்: தம்பி, 381இன் செட் உங்கள் மெஷினில் உட்காரும். அதில் சந்தேகம் வேண்டாம். திறந்து பார்க்காமல் விலை சொன்னவரிடம் மட்டும் மெஷினைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஏன் உட்காரும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 038, 038 சூப்பர், 038 மேக்னம், பிறகு வந்த எம்.எஸ். 380, எம்.எஸ். 381 எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். நம் ஐசியில் (அடையாள அட்டையில்) முதல் ஆறு எண் பிறந்த தேதியைச் சொல்வது போல, ஸ்டில் சாமான் எண்ணில் முதல் நான்கு எண் குடும்பத்தைச் சொல்லும். உங்கள் குடும்பம் 1119. காட்டு மரம் அறுக்கிறவர்கள் வைத்திருக்கும் அந்தப் பெரிய 070 வேறு குடும்பம், அது 1106. பெட்டியின் மேல் 1119 என்று தொடங்கினால் அது உங்கள் சொந்தக்காரன். குடும்பத்துக்குள் பிஸ்டனின் அளவுதான் மாறும்: சாதா 038க்கு 48 மி.மீ., சூப்பருக்கு 50, மேக்னத்துக்கு 52. மேக்னம், 380, 381 மூன்றுமே 52 மி.மீ., 72 சி.சி. மூடியில் மேக்னம் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பிவிட வேண்டாம். உடைந்த மூடிக்குப் பதில் வேறு மெஷினின் மூடியை மாட்டியிருப்பார்கள். பிஸ்டன் கையில் வந்ததும் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்துவிட்டுச் சாமானுக்குச் சொல்லுங்கள்.

"சாமான் வருவதில்லை" என்றாரே, அந்தக் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் 038 என்று தட்டியிருப்பார், ஒன்றும் வந்திருக்காது. 381 என்று தட்டிப் பார்க்க அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்தால் புது மெஷின் எப்படி விற்பது?

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். உங்கள் மெஷினைக் கொன்றது எது? பிஸ்டன் செத்தது உண்மைதான், ஆனால் அது தானாகச் சாகவில்லை. சத்தம் கீச்சென்று ஏறியதாக எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், எனக்கு அந்த ஒரு வரியே போதும். எங்கிருந்தோ வேண்டாத காற்று உள்ளே போயிருக்கிறது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு ரப்பர் கழுத்து இருக்கும். பிஸ்டன் சுழற்றுகிற தண்டுதான் கிராங்க், அதன் இரண்டு முனையிலும் காற்று புகாமல் அடைக்கும் ஆயில் சீல் இருக்கும். டாங்கிக்குள் பெட்ரோல் குழாய் இருக்கும். நாலைந்து வருடம் நம் ஊர் வெக்கையில் கொட்டகையில் கிடந்தால் இவையெல்லாம் காய்ந்து வெடித்துவிடும். விரிசல் வழியாகக் காற்று கூடும், பெட்ரோல் குறையும். இந்த மெஷினுக்கு எண்ணெயும் பெட்ரோலோடுதான் வர வேண்டும், வேறு வழி இல்லை. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் வீங்கி சிலிண்டரில் உரசும். அவ்வளவுதான் கதை.

ரப்பரை மாற்றாமல் புது பிஸ்டனைப் போட்டால் என்ன ஆகும்? புதுசும் அதே போல உரசும். ஒரு டாங்கி ஓடும், இரண்டு டாங்கி ஓடும், பிறகு அதே கீச். நீங்கள் மறுபடியும் அவரிடம் போவீர்கள். "நீ எண்ணெய் சரியாகக் கலக்கவில்லை" என்பார். இன்னொரு 450.

நீங்களே பார்க்கலாம், பயப்பட ஒன்றுமில்லை. சைலன்சரைப் பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றி அதை எடுத்துவிடுங்கள். புகை வெளியேறும் ஓட்டை தெரியும். கயிற்றை மெதுவாக இழுத்து பிஸ்டனை அந்த ஓட்டைக்கு நேராக நிறுத்தி, கைப்பேசி வெளிச்சத்தை அடியுங்கள். நல்ல பிஸ்டன் மங்கலான சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருக்கும். வெந்துபோன பிஸ்டனில் மேலிருந்து கீழாக, தேங்காய்த் துருவியால் இழுத்தது போல வெள்ளிக் கோடுகள் இருக்கும், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம் அலுமினியம் பூசி மூடிப்போயிருக்கும். உங்களுடையது இரண்டாவது வகையாகத்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

பிஸ்டன் போய்விட்டது என்பதால் சிலிண்டரும் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வியாபாரத்தின் பெரிய ஏமாற்றே இங்கேதான் நடக்கிறது. சிலிண்டரின் உள்சுவரில் மிகக் கடினமான பூச்சு ஒன்று உண்டு. அதில் தெரியும் கோடுகளில் பெரும்பாலானவை கீறல் அல்ல, பிஸ்டனிலிருந்து உருகி ஒட்டிக்கொண்ட அலுமினியம். ஹார்ட்வேர் கடையில் கழிவறை ஓடு கழுவ விற்கிற உப்பு அமிலம் இருக்கிறதே, அதைக் காது குடையும் பஞ்சில் தொட்டு அந்தக் கோட்டின் மேல் மட்டும் வையுங்கள். நுரைக்கும். துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள். நுரைப்பது நின்றால் அலுமினியம் போய்விட்டது என்று அர்த்தம். கையுறை போட்டு, திறந்த வெளியில் செய்யுங்கள். பூச்சு இல்லாத ஓட்டை விளிம்புகளில் படவிடாதீர்கள், சிலிண்டரே அலுமினியம் என்பதால் அதையும் தின்றுவிடும். தண்ணீரில் நன்றாக அலசி, துடைத்து, எண்ணெய் தடவிவிட்டு நகத்தால் குறுக்கே வருடிப் பாருங்கள். நகம் எங்கும் மாட்டவில்லையா? சிலிண்டர் பிழைத்துவிட்டது. நீங்கள் வாங்க வேண்டியது பிஸ்டனும் வளையமும் ரப்பர் சாமான்களும்தான்.

இந்த வேலை அந்த 450 வெள்ளிக்காரருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். உங்கள் அப்பாவின் அசல் சிலிண்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு, மலிவான செட் ஒன்றை மாட்டிக் கொடுப்பார். நீங்கள் அந்தப் பக்கம் போனதும் இதே அமிலத்தால் கழுவி, "அசல், ரீகண்டிஷன்" என்று வேறொருவருக்கு நல்ல விலைக்குத் தள்ளுவார். யாரிடம் வேலை கொடுத்தாலும் கழற்றிய பழைய சாமானைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முகம் சுளித்தால் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

எஸ்டேட் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் நான் வேறு மாதிரிக் கூத்தைப் பார்த்தேன். ஒரு வளையம் வாங்க மூன்று குவோட்டேஷன் கேட்பார்கள். காகிதம் ஆபீசுக்கும் ஸ்டோருக்கும் நடக்கும், மெஷின் மூலையில் கிடக்கும். அதற்குள் காண்ட்ராக்டரின் மெஷினை வாடகைக்கு எடுத்து அதற்கு ஆன செலவில் பத்து வளையம் வாங்கியிருக்கலாம். அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை. இப்போதும் அப்படித்தான் என்று கேள்வி.

சிலிண்டர் தேறாவிட்டால் 381இன் செட் வாங்குங்கள். இணையக் கடைகளில் பெட்டியின் நிறத்தைப் பார்த்து அசல் என்று ஏமாற வேண்டாம், பெட்டி அச்சடிப்பது சுலபம். சிலிண்டருக்குள் விரலை விட்டு ஓட்டைகளின் விளிம்பைத் தடவுங்கள். கத்தி போலக் கூராக இருந்தால் வளையம் அதில் மாட்டி உடையும். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். வளையத்தின் வாய் பிஸ்டனில் இருக்கும் சின்ன ஆணியில் உட்கார வேண்டும். பிஸ்டனின் குறுக்கே போகும் பின் நழுவாமல் பிடிக்கும் கம்பி வளையங்கள் இரண்டும் புதுசாக இருக்கட்டும்.

ஒரே குடும்பத்துச் சாமான் ஒன்றுக்கொன்று உட்காரும் என்றேன் அல்லவா, ஒரு ஜோடியை மட்டும் அப்படி நம்பி மாட்டக்கூடாது. கிராங்கின் முனையில் காந்தத்தோடு சுற்றும் இறக்கைச் சக்கரமான பிளைவீலும், பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலும். இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் இதில் தோற்றவர்கள் நிறைய. ஆயில் சீல் மாற்ற பிளைவீலைக் கழற்றுவார்கள். கழற்றும்போது சுத்தியலால் தட்டி இறக்கையை உடைப்பார்கள். "ஒன்றும் பிரச்சினை இல்லை, 381இன் பிளைவீல் இருக்கிறது" என்று மாட்டுவார்கள். கிராங்கில் உட்காரவும் உட்காரும். ஆனால் பிளைவீலில் உள்ள காந்தம் காயிலைக் கடக்கும் நேரத்தில்தான் பொறி வரும். பிளைவீலைக் கிராங்கில் பூட்டும் சாவி வெட்டு எங்கே, காந்தம் எங்கே என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கலாம். கொஞ்சம் தள்ளியிருந்தாலும் பொறி நேரம் தவறும். இழுக்கும்போது கயிறு கையைப் பிடுங்கும், அல்லது மெஷின் ஓடும், ஆனால் பலம் இருக்காது, சூடு மட்டும் ஏறும். புது பிஸ்டன் மறுபடி வேகும். அதனால் பிளைவீல் மாற்றினால் காயிலையும் அதே மெஷினிலிருந்து எடுங்கள். காயில் மாற்றினால் பிளைவீலையும் எடுங்கள். புருஷன் பெண்டாட்டி மாதிரி, பிரித்துக் கூட்டி வரக்கூடாது. இரண்டுக்கும் இடைவெளி 0.2 முதல் 0.3 மி.மீ. நடுவில் ஒரு விசிட்டிங் கார்டைச் சொருகி, காந்தம் காயிலை இழுத்துக்கொண்டதும் திருகை முறுக்கிவிட்டு அட்டையை உருவிவிடுங்கள். சட்டைப் பையில் இருக்கிற டச் அன் கோ அட்டையை (டோல் கட்டும் பிளாஸ்டிக் அட்டை) வைக்காதீர்கள், அது 0.76 மி.மீ., பொறி பலவீனமாக வரும்.

பட்டறைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "காற்று அடைத்துப் பார்த்தீர்களா?" சைலன்சர் ஓட்டையையும் கார்புரேட்டர் ஓட்டையையும் ரப்பர் வைத்து அடைத்து, உள்ளே 0.5 பார் அழுத்தத்துக்குக் காற்று ஏற்றினால் 20 விநாடியாவது அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவினாலே குமிழி காட்டிக்கொடுத்துவிடும். இதைச் செய்யாதவர் ரிப்பேர் செய்யவில்லை, சாமான்தான் மாட்டியிருக்கிறார்.

பழைய பெட்ரோலைக் கொட்டிவிடுங்கள். ஸ்டில்லின் இரண்டு ஸ்ட்ரோக் எண்ணெய் என்றால் 5 லிட்டருக்கு 100 மில்லி, மற்ற கம்பெனி எண்ணெய் என்றால் 200 மில்லி. முதல் மூன்று டாங்கிவரை மரத்தில் வைக்காமல் வெறுமனே முழு வேகத்தில் முறுக்காதீர்கள்.

அப்புறம் ஒன்று. மூன்றாவது மரத்தைப் பாதி அறுத்திருப்பேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது இன்னும் நின்றுகொண்டிருக்கிறதா? இன்றைக்கே கயிறு கட்டி அந்தப் பக்கம் யாரும் போகாமல் செய்யுங்கள், மாடு மேய்க்க வருகிறவர்கள் உட்பட. மெஷின் தயாராகும்வரை காத்திருக்க வேண்டாம். பழகிய மரம் வெட்டுகிற ஆளை அவர் மெஷினோடு கூப்பிட்டு, சாயங்காலக் காற்று கிளம்புவதற்குள் அதை இறக்கிவிடச் சொல்லுங்கள்.