கிரிக்கெட் தெரியாத அகதி

அன்புள்ள அண்ணா,

என்னோடு ஒரே வீட்டில் அறை எடுத்திருக்கும் நண்பரின் அகதி வழக்கு மேன்முறையீட்டிலும் தோற்றுவிட்டது. போன மாதம் குடிவரவு அலுவலகத்தில் வழக்கமான சைன் பண்ணப் போன இடத்தில் பிடித்து, ஹீத்ரோவுக்குப் பக்கத்துத் தடுப்பு முகாமில் வைத்திருக்கிறார்கள். எங்கள் வட்டாரக் கவுன்சிலர் அவருக்காக உள்துறை அமைச்சான ஹோம் ஒபிஸுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நண்பர் கோயிலில் தொண்டு செய்வதையும் கிரிக்கெட் கழகத்தில் விளையாடுவதையும் சொல்லி, நல்ல பிள்ளை என்று புகழ்ந்திருக்கிறார். விசா விஷயத்தில் கவுன்சிலருக்கு அதிகாரமே இல்லை, இது தமிழர் வாக்குக்குப் போடும் நாடகம் என்று வீட்டில் மற்றவர்கள் சிரிக்கிறார்கள். இதால் பயன் உண்டா?

சி., லண்டன்

அன்புள்ள தம்பி,

முதலில் சட்டத்தரணி. அவர் இல்லாமல் யார் எழுதினாலும் விமானம் நிற்காது. நிறுத்தக்கூடியவர்கள் இரண்டே பேர்: நீதிமன்றம், ஹோம் ஒபிஸ். 2013 பெப்ரவரியில் இங்கே உயர் நீதிமன்றம், புகலிடம் மறுக்கப்பட்ட தமிழர்களை இலங்கைக்குத் திருப்பி அனுப்புவதை இடைநிறுத்தியது. திரும்பிப் போனவர்கள் சித்திரவதைப்பட்டதற்கான ஆவணங்கள் அப்போது குவிந்திருந்தன. கவுன்சிலரின் கடிதம் கோப்பில் இன்னொரு தாள்தான். அதைக் காட்டி உங்கள் எம்.பி.யையும் எழுதவைத்தால் கொஞ்சம் கனம் கூடும். உங்கள் கேள்விக்கு அவ்வளவுதான் பதில்.

வாக்குக்கு நாடகமா? உங்கள் நண்பருக்கு விசாவே இல்லை, வாக்கு எங்கிருந்து வந்தது? 2024 ஓகஸ்டில் ரொதரமில் அகதிகள் தங்கியிருந்த ஹோட்டலுக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட நாட்டில் அகதிக்காகக் கையெழுத்து வைத்தால் வாக்குப் போகும், வராது. சரி, தமிழர் வாக்குக்காகவே எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். வாக்குக்காக வீதி போட்டால் அதில் நடக்க மாட்டீர்களா? சிரித்தவர்களில் எத்தனை பேர் முகாமுக்குப் போய் அவரைப் பார்த்தார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

என்னை உறுத்துவது அந்தக் கிரிக்கெட்.

அவுஸ்திரேலியாவில் பிலோயெலா என்ற சின்ன ஊரில் இருந்த தமிழ் அகதிக் குடும்பம் உங்களுக்கு நினைவிருக்கும். 2018 மார்ச்சில் விடியற்காலையில் பிடித்துக்கொண்டு போனார்கள். 2019 ஓகஸ்டில் இலங்கைக்குக் கிளம்பிய விமானம் நீதிமன்றத் தடையால் டார்வினில் இறங்கியது. பிறகு கிறிஸ்மஸ் தீவில் தடுப்புக் காவல். அந்தச் சின்ன ஊர் விடாமல் போராடியது. பழமைவாத நஷனல்ஸ் கட்சியின் பார்னபி ஜோய்ஸ்கூட அவர்களை இங்கேயே விடுங்கள் என்றார். ஆட்சி மாறியபின் 2022 ஜூனில் வீடு திரும்பினார்கள், ஓகஸ்டில் நிரந்தர விசா. நானும் அன்று அழுதவன்தான். ஆனால் ஊரோடு ஒட்டிய தகப்பன், தாய், அங்கேயே பிறந்த இரண்டு பெண் குழந்தைகள் என்றபடியால் ஊர் எழும்பியது. தனியாக வந்து, பிள்ளையுமில்லாமல், ஆரோடும் பேசாமல் ஒரு அறைக்குள் கிடக்கிறவனுக்கு எந்த ஊர் எழும்பும்?

அப்படி ஒரு பொடியனுக்கு மொழிபெயர்க்க, சில வருடங்களுக்கு முன் ஒரு கவுன்சிலரின் சனிக்கிழமைச் சந்திப்புக்குப் போயிருந்தேன். நல்ல மனுசி. கடிதத்தில் போடுவதற்காக, "இவர் இந்தச் சமூகத்துக்கு என்ன செய்திருக்கிறார்?" என்று கேட்டார். பொடியன் என்னைப் பார்த்தான். அவனுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. வாரம் 50 பவுண்ஸுக்கும் குறைந்த காசு. இரவில் நித்திரை இல்லை. ஆராவது படம் எடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் கோயில் பக்கமே போகமாட்டான். "ஒண்டும் செய்யேல்லை எண்டு சொல்லுங்கோ அண்ணை" என்றான். அப்படியே சொன்னேன். கடிதம் வந்தது, இரண்டே வரி.

முதுகில் சூட்டுத் தழும்போடு வந்தவனிடம் நற்சேவைச் சான்றிதழ் கேட்பது என்ன நியாயம், தம்பி? 1951 அகதிகள் சாசனம் கேட்பது, இவன் துன்புறுத்தப்படுவான் என்று அஞ்ச நியாயமான காரணம் உண்டா என்பதை. கொடுங்குற்றம் செய்தவர்களுக்கு அதில் விலக்கு இருக்கிறது. கிரிக்கெட் தெரியாதவர்களுக்கு இல்லை. இங்கே வேரூன்றிவிட்டார் என்று காட்ட இதெல்லாம் உதவும் என்பார் உங்கள் சட்டத்தரணி. சொல்லட்டும், அது அவர் தொழில். மக்கள் தெரிவுசெய்த ஒருவர் அதே கணக்கைப் பார்க்கக்கூடாது. அவருடைய வட்டாரத்தில் கெட்டிக்காரனும் இருப்பான், ஒன்றுக்கும் உதவாதவனும் இருப்பான். இரண்டு பேர் வீட்டுக் குப்பையையும் கவுன்சில் எடுக்கத்தானே செய்கிறது?

2021 மே 13, கிளாஸ்கோவின் கென்மியூர் வீதியில் ஹோம் ஒபிஸ் பிடித்த இரண்டு பேர் அதன் வாகனத்துக்குள். அயலவர்கள் சுற்றி நின்றார்கள். ஒருவர் வாகனத்துக்கு அடியிலேயே படுத்துவிட்டார். எட்டு மணி நேரத்தில் பொலிஸ் இருவரையும் விட்டது. அந்தத் தொகுதியின் உறுப்பினர் நிக்கொலா ஸ்டேர்ஜன், அப்போது ஸ்கொட்லாந்தின் முதலமைச்சர். ஹோம் ஒபிஸை வெளிப்படையாகவே கண்டித்தார். எங்கள் அயலவர்கள், விடுங்கள் என்றுதான் கூட்டம் கத்தியது. அவர்கள் நல்ல பிள்ளைகளா என்று விசாரித்துவிட்டு ஆரும் வீதிக்கு இறங்கவில்லை.

உங்கள் கவுன்சிலருக்கு நன்றி சொல்லி எழுதுங்கள். எம்.பி.க்குப் போகும் கடிதத்தில் கிரிக்கெட்டைக் கடைசி வரிக்குத் தள்ளி, திரும்பிப் போனால் நண்பருக்கு என்ன நடக்கும் என்று அவர் பயப்படுவதை முதல் வரியில் வைக்கச் சொல்லுங்கள். நண்பரின் ஹோம் ஒபிஸ் இலக்கமும் அவர் சம்மதித்து வைத்த கையெழுத்தும் இல்லாமல் எம்.பி. அலுவலகத்தில் ஒன்றும் நகராது. அந்த இரண்டையும் இந்தக் கிழமையே வாங்கிவிடுங்கள்.