கணக்கை மாற்றிக் கேட்டால் முழிக்கிறான், சென்டரை மாற்றலாமா?

கேள்வி: என் மகன் அம்பாசமுத்திரத்தில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். டியூஷன் தேர்வில் 90-க்குக் குறையாது. அதே கணக்கைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் ‘இது நடத்தலம்மா’ என்கிறான். பாளையங்கோட்டையில் செயல்வழி முறையில் நடத்தும் சென்டரில் சேர்த்தால் தானாக யோசிக்கும் திறன் வந்துவிடும் என்று ஒருவர் வீடு தேடி வந்து சொல்கிறார். கட்டணத்தைத் தவணையில் கட்டலாமாம். சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம்மா. இப்போதைக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

டியூஷனில் ‘கூம்பின் கன அளவு’ என்று தலைப்பைப் போட்டு, ஒரு கணக்கைச் செய்து காட்டி, அதே மாதிரி பத்துக் கணக்கு கொடுப்பார்கள். கேள்வியை வாசிக்கும் முன்னாலேயே எந்தச் சூத்திரம் என்று பையனுக்குத் தெரிந்துவிடும். மிச்சம் பெருக்கல்தான். அதில் வாங்கும் 90-ஐ நம்பாதீர்கள்.

இன்று சாயங்காலம் இதைக் கேட்டுப் பாருங்கள். களத்தில் நெல் கூம்பாகக் குவிந்து கிடக்கிறது. அடியைச் சுற்றிக் கயிறு பிடித்தால் 22 அடி, உயரம் 3 அடி. எத்தனை கன அடி நெல்? ஆரத்தைக் கொடுத்தால் சட்டென்று போட்டுவிடுவான். ஆனால் குவியலுக்கு நடுவே டேப்பைச் செருகி அளக்க முடியாதே. 22 அடிச் சுற்றளவிலிருந்து ஆரம் 3.5 அடி என்று அவனே எடுக்க வேண்டும். அப்புறம் விடை 38.5 கன அடி. அந்த ஒரு படியில்தான் முழிப்பான். சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். ‘என்ன கேட்டிருக்கு, என்ன கொடுத்திருக்கு, நடுவில் எது குறையுது?’ என்று மட்டும் கேட்டுவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள்.

முடித்த பாடங்களிலிருந்து கணக்குகளைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு சம்படத்தில் போட்டு, தினமும் நாலு சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். முதலில் மதிப்பெண் குறையும், பயப்படாதீர்கள். அமெரிக்காவில் ரோரர், டெய்லர் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகைக் கணக்கை அடுக்கிப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் அடுக்கிப் போட்டவர்களுக்கு 20, கலந்து போட்டவர்களுக்கு 63.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வாய்ப்பாடும் பின்னமும் தடுமாறுகிற பிள்ளையிடம் ‘நீயே கண்டுபிடி’ என்று விட்டுவிடக் கூடாது. புதிதாகக் கற்பவருக்கு, முழுதாகச் செய்து காட்டிய கணக்கைப் படிப்பதுதான் அதிகம் உதவும் என்று ஆஸ்திரேலியாவின் கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1980-களிலேயே காட்டிவிட்டார். முதல் கணக்கை முழுதாகக் காட்டுங்கள். அடுத்ததில் கடைசிப் படியை மறைத்து அவனைப் போடச் சொல்லுங்கள். அதற்கடுத்ததில் இரண்டு படி. இப்படிக் கையை மெல்ல எடுக்க வேண்டும். உங்கள் மகனுக்கு அடிப்படை இருக்கிற மாதிரி தெரிகிறது. இருந்தாலும் 3/4-ஐ 2/5-ஆல் வகுக்கச் சொல்லிப் பாருங்கள். அதிலேயே நின்றால் சீட்டை எடுத்து வைத்துவிட்டு, இப்படி முழுதாகச் செய்து காட்டுவதிலிருந்து ஆரம்பியுங்கள்.

வீடு தேடி வருகிறவர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் பேசும் முறையெல்லாம் வாத்தியாருடையது, அவருக்குக் கிடைப்பது கமிஷன். ‘எந்த ஆசிரியர் நடத்துவார்? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? ஒரு நாள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாமா?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு முடியும். அபாகஸ், மூளை வளர்ச்சி என்று கிளை பிரிந்தால் இன்னும் ஜாக்கிரதை. அபாகஸில் கூட்டல் வேகம் கூடலாம், நெற்குவியல் கணக்குக்கு வழி கிடைக்காது.

பள்ளிகளையும் சொல்ல வேண்டும். நூறு சதவீதத் தேர்ச்சி காட்டு என்று மேலே இருந்து நெருக்குகிறார்கள். பாடத்தை அவசரமாக முடித்து, வினா வங்கியை மனப்பாடம் பண்ண வைக்கிறார்கள். பொதுத்தேர்வில் இரண்டு மதிப்பெண் பகுதியிலும் ஐந்து மதிப்பெண் பகுதியிலும் ஒவ்வொரு கட்டாய வினா உண்டு. அது வினா வங்கியில் இல்லாமல் வந்தால் ‘சிலபஸில் இல்லை’ என்று ஊரே கொதிக்கிறது. பாடத்தில் இருக்கும், வங்கியில் இருக்காது, அவ்வளவுதான். வருஷா வருஷம் இதே கூத்து. யாரும் வகுப்பறையை மாற்றக் காணோம்.

தவணை என்றாரே, அந்தப் படிவத்தை முழுதாக வாசியுங்கள். பல இடங்களில் அது உங்கள் பெயரில் எடுக்கும் கடன். பையன் பாதியில் நின்றாலும் தவணை ஓடும். ஆதார் நகலோ கையெழுத்தோ ஏற்கெனவே கொடுத்திருந்தால், சேர்க்கை வேண்டாம் என்று நாளைக்கே எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.