வேளாண் கேள்வி பதில்: ஈரம் இருந்தும் செடி வாடுவது ஏன்?

கேள்வி: மீஞ்சூர் அருகே ஆழ்துளைக் கிணற்று நீரில் தக்காளி பயிரிட்டிருக்கிறேன். மண்ணில் செருகிய ஈரப்பத சென்சார் போதிய ஈரம் இருப்பதாகக் காட்டியும், முற்பகல் 11 மணிக்கே இலைகள் தொங்கிவிடுகின்றன. செடியையே கண்காணிக்கும் சென்சார்கள் இருக்கின்றனவாமே, வாங்கலாமா?
– வாசகர், மீஞ்சூர்

பதில்: மண்ணில் நீர் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டுமே உங்கள் சென்சார் அளக்கிறது, அந்த நீரை வேரால் உறிஞ்ச முடிகிறதா என்பது அதன் கணக்கில் வராது. மீஞ்சூர்ப் பகுதி நிலத்தடி நீரில் கடல்நீர் கலந்திருப்பது பல்லாண்டுகளாக அறியப்பட்ட செய்தி. உப்பு மிகுந்த மண்ணில் நீர் இருந்தும் வேருக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு, விலை குறைந்த சென்சார்கள் பலவும் உப்பின் மின்கடத்தலையும் ஈரமாகவே எண்ணி, உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டிவிடும்.

செடியின் நிலையை அறிய இலையின் வெப்பநிலை நல்ல வழி. நீராவிப்போக்கு தடையின்றி நடக்கும் இலை பொதுவாகச் சுற்றுக்காற்றைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். இலைத்துளைகள் மூடிக்கொண்டால் சூடேறும். இதை அடிப்படையாகக் கொண்ட பயிர் நீர் நெருக்கடிக் குறியீட்டை அமெரிக்காவின் அரிசோனாவில் ஐட்சோ, ஜாக்சன் முதலிய ஆய்வாளர்கள் 1981இல் வெளியிட்டனர். ஆனால் அது பாலைநிலத்தின் வறண்ட காற்றில் உருவான முறை. நம் வடசென்னைக் கரையோரத்தில் கடற்காற்று வீசத் தொடங்கியதும் காற்றின் ஈரப்பதம் ஏறி, நன்றாக உள்ள செடிக்கும் வாடும் செடிக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு சுருங்கிவிடும். ஆகவே மேகமற்ற நாளில், கடற்காற்று வருவதற்கு முன்பே அளவெடுக்க வேண்டும். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிய கருவி உடல் வெப்பத்துக்கென அமைக்கப்பட்டது என்பதால் இதற்கு உதவாது; தொழிற்கூடங்களில் பயன்படுத்தும் அகச்சிவப்பு வெப்பமானியை, வெயில் படும் இலைக்கு மிக அருகில், பின்னாலுள்ள மண் அதன் பார்வையில் விழாதபடி பிடிக்க வேண்டும்.

தண்டின் சாறோட்டத்தை அளப்பவை, பகலில் சுருங்கி இரவில் விரியும் தண்டின் நுண்ணிய மாற்றத்தைப் பதிபவை போன்றவை பெரும்பாலும் பழமரத் தோப்புகளுக்கு உரியவை. உங்கள் தக்காளிக்கு அவ்வளவு செலவு தேவையில்லை என்பதே என் கருத்து.

எதையும் வாங்குமுன் வாடிய செடி ஒன்றின் தண்டை அடியில் வெட்டி, வெட்டுவாய் மூழ்கும்படி தெளிந்த நீரில் தொங்கவிட்டுச் சில நிமிடங்கள் பாருங்கள். பால்போன்ற வெண்ணிற இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். எந்தச் சென்சாரும் அதற்குத் தீர்வாகாது. இழை இறங்காவிட்டால், கிணற்று நீரையும் மண்ணையும் ஆய்வகத்தில் கொடுத்து உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனைச் சோதியுங்கள். நிறைசெறிவு மண்சாற்றில் (மண்ணை நீரால் முழுதும் நனைத்துக் குழைத்துப் பிரித்தெடுக்கும் சாறு) அது 2.5 டெசிசீமன்ஸ்/மீட்டரைத் தாண்டினால் தக்காளி விளைச்சல் குறையத் தொடங்கும். அந்நிலையில், கிடைக்கும் நல்ல நீரையோ மழைநீரையோ கொண்டு, வடிகால் வசதியுடன், உப்பை வேருக்குக் கீழே கழுவி இறக்குவதே முதல் வேலை.

கேள்வி: மாடித்தோட்டத் தொட்டியில் வைத்த ஈரப்பத சென்சாரின் இரு முனைகளும் விரைவில் அரித்துப்போகின்றனவே?
– வாசகி, பெரம்பூர்

பதில்: மண்ணில் மின்னோட்டம் செலுத்தி அளக்கும் வகை அது, இடைவிடாமல் மின்சாரம் பாய்ந்தால் மின்பகுப்பால் உலோகம் கரையும். அளவெடுக்கும் சில நொடிகள் மட்டும் மின்சாரம் கொடுங்கள், அல்லது உலோகம் மண்ணில் படாத கொள்ளளவு (capacitive) வகையை வாங்குங்கள். நாலைந்து தொட்டிகளுக்கு விரலை மண்ணில் விட்டுப் பார்ப்பதே போதும்.