விடிஆர்எல் 'நெகட்டிவ்' என்று வந்த பிறகும் சிபிலிஸாக இருக்குமா?

எச்ஐவி உள்ள நண்பருக்கு முகத்திலும் முதுகிலும் தடித்த பொருக்கோடு புண்கள், விடிஆர்எல் (சிபிலிஸுக்கான இரத்தப் பரிசோதனை) 'நெகட்டிவ்', அப்படியும் சிபிலிஸ் என்ற பாலியல் நோயாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம். கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தப் பரிசோதனை செய்வதுதான் என் வேலை. அதனால் அந்த 'நெகட்டிவ்' பற்றி முதலில் சொல்கிறேன்.

சீரத்தையும் (இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் தெளிந்த நீர்) அன்டிஜெனையும் (பரிசோதனைக்கான துகள் கரைசல்) ஸ்லைடில் கலந்து, சுழற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்போம். நோய் இருந்தால் துகள்கள் கட்டி கட்டியாகத் திரளும். நோய் வந்தால் உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிதான் (antibody) அவற்றைச் சேர்க்கிறது. ஆனால் அது அளவுக்கு மீறி இருந்தால் துகள்கள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியே நிற்கும். ஸ்லைடைப் பார்த்தால் ஒன்றுமில்லாத மாதிரி, அல்லது லேசாகச் சொரசொரப்பாக இருக்கும். அதே சீரத்தை உப்புக் கரைசலில் 16 மடங்கு, 32 மடங்கு ஐதாக்கிப் பாருங்கள், கட்டிகள் பளிச்சென்று தெரியும். இதற்குப் புரோசோன் என்று பெயர். தோலில் தடிப்பு வரும் இரண்டாம் கட்ட சிபிலிஸில் இது நடக்கும், எச்ஐவி உள்ளவர்களில் கூடுதலாக எதிர்பார்க்க வேண்டும். வைத்தியர் படிவத்தில் 'சிபிலிஸ் சந்தேகம், ஐதாக்கிப் பார்க்கவும்' என்று ஒரு வரி எழுதினால் போதும், நாங்கள் செய்வோம். வெறும் 'விடிஆர்எல்' என்று மட்டும் வந்தால் எங்களுக்கு எதுவும் தெரியாது. கூடவே ரிபிபிஏ (TPPA) என்ற, சிபிலிஸ் கிருமிக்கு எதிரான பிறபொருளெதிரியையே தேடும் பரிசோதனையும் கேளுங்கள்.

புண்ணைப் பற்றி: வழக்கமான சிபிலிஸ் தடிப்பு அரிக்காது, செம்பு நிறத்தில் உள்ளங்கை, உள்ளங்காலில் வரும். எச்ஐவி உள்ள பெரும்பாலானோருக்கும் அப்படித்தான். சிலருக்கு மட்டும் வட்டமான ஆழ்புண்கள் வந்து, மேலே சிப்பி ஓடு மாதிரி அடுக்கடுக்காகப் பொருக்குக் கட்டும், காய்ச்சலும் இருக்கும். இதை லூயஸ் மாலிக்னா என்பார்கள். சிடி4 (எச்ஐவி தாக்கும் நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை) நன்றாக இருப்பவர்களுக்கும் வந்திருக்கிறது. சிபிலிஸ் சொரியாசிஸ் (செதில் செதிலாக உதிரும் தோல் நோய்) மாதிரியும் வரும், அதனால்தான் கிரீம் மேல் கிரீமாக மாறி நாள் போய்விடுகிறது. சந்தேகம் தீராவிட்டால் தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பார்கள்.

மருந்து பழைய பென்சதின் பென்சிலின்தான். ஆரம்பக் கட்டம் என்றால் 24 இலட்சம் யூனிட், ஒரே தடவை, எச்ஐவி இருந்தாலும் அதே அளவு. ஊசி போட்ட 24 மணி நேரத்துக்குள் காய்ச்சலும் நடுக்கமும் வரலாம். அது கிருமி சாவதால் வருவது, ஒவ்வாமை என்று பயந்துவிட வேண்டாம்.

கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கிளினிக் இருக்கிறது. இலவசம், விஷயம் வெளியே போகாது. துணைவரையும் கூட்டிப் போகச் சொல்லுங்கள். பார்வை மங்கினாலோ காது கேட்பது குறைந்தாலோ கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.